தெற்கு ஜாவாவில் ஓர் ஆவடிச் சுவர்

1

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆவடியிலிருந்து அப்பா வீடியோவில் வருவார். வந்ததும் பேத்தியைக் கேட்கமாட்டார். நான் சாப்பிட்டேனா என்றும் கேட்கமாட்டார்.

"செவுத்தக் காட்டும்மா" என்பார்.

நான் போனைத் தூக்கிக்கொண்டு வெளியே போய், எங்கள் தென்னைநார் ஆலையைச் சுற்றி நிற்கும் காம்பவுண்டு சுவரை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து காட்டவேண்டும்.

"அந்த மூலையில பாசி புடிக்குது பாரு. பிரஷ் போட்டுத் தேய்க்கச் சொல்லு."

"சொல்றேம்ப்பா."

"விரிசல் எதாவது?"

"இல்லப்பா."

அதற்குப் பிறகுதான் "எங்க, அந்த வாலு?" என்று யாழினியைக் கேட்பார். அவளுக்கு நாலரை வயது. சுவருக்கு அடுத்த இடம்தான் தனக்கு என்பது அவளுக்கும் தெரியும்.

சில வாரங்களுக்கு முன்னால் ஒரு ஞாயிறு, "இந்த மாசத்தோட செவுத்துக்கு ஒரு வருஷம் முடியுது" என்றார். அடுப்படியிலிருந்து என் கணவர் பிரபு, "மெழுகுவத்தி வாங்கிட்டு வரட்டுமா மாமா?" என்று குரல் கொடுத்தார். அப்பா சிரிக்கவில்லை. "நல்லா நிக்குதுல்ல? அது போதும்" என்றார்.

நன்றாகத்தான் நிற்கிறது. நின்றுபோனது ஆலைக்கு வரவேண்டிய தேங்காய் மட்டைதான். ஒரு சுவர் எப்படி ஓர் ஆலையை நிறுத்தும் என்று எனக்கே புரியப் பல மாதங்கள் ஆயின. புரிந்த பிறகு வந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. எரிச்சல் சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

2

இந்தோனேசியா என்றதும் ஊரில் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "பாலியா?" இல்லை. பாலி வேறு தீவு. நான் இருப்பது ஜாவாவின் தெற்குக் கரையோரம், ஒரு சின்ன ஊர். ஒரு ரயில் நிலையம், ஒரு சந்தை, மூன்று பள்ளிவாசல், சாயங்காலம் டிங் டிங் என்று கிண்ணத்தைத் தட்டிக்கொண்டு வரும் சூப் வண்டி. அலைச் சத்தம் கேட்கும், சுற்றுலாக்காரர் யாரும் வரமாட்டார்கள். தமிழ் பேச நாங்கள் மூன்று பேர். அதில் ஒருத்தி வேகமாகக் கட்சி மாறிக்கொண்டிருக்கிறாள்.

வளர்ந்தது ஆவடி பாதுகாப்புத் தொழிற்சாலைக் குடியிருப்பில். படித்தது இயந்திரப் பொறியியல். வேலை பார்த்தது அம்பத்தூர் எஸ்டேட்டில், தேங்காய் மட்டையிலிருந்து நார் பிரிக்கும் இயந்திரம் செய்கிற ஒரு பட்டறையில். அந்தப் பட்டறை இங்கே ஒருவருக்கு ஓர் இயந்திரம் விற்றது. அதைப் பொருத்திக் கொடுக்க என்னை அனுப்பினார்கள். வந்த இடத்தில், கொப்பரை போடுகிறவர்கள் மட்டையை மலைபோல் குவித்துக் கொளுத்துவதைப் பார்த்தேன். பொள்ளாச்சிப் பக்கம் மட்டைக்கு முன்பணம் கொடுத்துவிட்டுக் காத்திருப்பார்கள். இங்கே புகையாகப் போகிறது. அன்று ராத்திரியே கல்லூரித் தோழன் பாஸ்கருக்குப் போன் போட்டேன். நான், பாஸ்கர், இன்னொரு நண்பன், மூன்று பேரும் கையில் இருந்ததைப் போட்டோம். பிரபு மாங்காட்டு பிளாட்டைப் பூட்டிவிட்டு, ஐடி வேலையையும் விட்டுவிட்டு, குழந்தையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கூட வந்தார். ஆர்வக்கோளாறு என்று மாமியார் சொன்னார். சரியான சொல்தான்.

இந்த நாட்டில் வெளிநாட்டவர் நிலம் வாங்க முடியாது, குத்தகைக்கு எடுக்கலாம். தோப்பு வைத்திருக்கும் வர்யோ என்பவர் தன் தோப்பின் ஓரத்தைக் குத்தகைக்குக் கொடுத்தார். தொழிலிலும் பங்குக்குச் சேர்ந்தார். இங்கே மரியாதைக்குரிய ஆண்களைப் பெயருக்கு முன்னால் 'பாக்' சேர்த்துக் கூப்பிடவேண்டும். பாக் வர்யோ ஐம்பது தாண்டியவர், மீசை கிடையாது, சிரிப்பு எப்போதும் உண்டு. அந்தச் சிரிப்பைப் பற்றி எனக்கு ஒரு தனிக் கட்டுரையே இருக்கிறது.

இந்த ஊரில் யாரும் நேராக 'இல்லை' என்று சொல்லமாட்டார்கள். இரண்டே ஆண்டுகளில் நான் கற்ற பாடம் இதுதான். பக்கத்து நகரத்துக் குடிவரவு அலுவலகத்துக்கு விசா நீட்டிக்கப் போகிறேன். கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் பெண் எழுந்து நின்று வரவேற்கிறாள். என் தாள்களை இரண்டு கையாலும் வாங்குகிறாள். "முடிந்துவிட்டதா?" என்று கேட்டால், "இன்னும் இல்லை" என்று புன்னகைக்கிறாள். "நாளைக்கு வரட்டுமா?" "வரலாம்." நாளைக்குப் போனால் அதே புன்னகை, அதே இன்னும் இல்லை. கடைசியில் பார்த்தால், கிராம அலுவலகத்துக் கடிதம் ஒன்று குறைகிறது. அதை முதல் நாளே சொல்லியிருக்கலாம். சொன்னால் நான் வருத்தப்படுவேனாம்.

நம் ஊர்த் தாலுகா ஆபீஸை நினைத்துக்கொள்வேன். "இன்னா மேடம், இந்த ஜெராக்ஸ் இல்லாம எதுக்கு வந்துகினு இருக்க? போய் எத்துகினு வா" என்று தாளைத் திருப்பி எறிவார்கள். கோபம் வரும், அழுகை வரும், ஆனால் எந்த ஜெராக்ஸ் என்று தெரிந்துவிடும். அரை மணி நேரத்தில் வேலை நகரும். இங்கே யாரும் என்னை அவமதித்ததே இல்லை. வேலை மட்டும் நகரவில்லை.

யாழினியும் இதில் சேர்ந்துவிட்டாள். மாங்காட்டில் இருந்தபோது இட்லியைக் கண்டால் "மாட்டேன் போ" என்று கத்துவாள். இப்போது தலையைச் சாய்த்து, சிரித்து, "அப்புறமா" என்கிறாள். அந்த அப்புறம் வருவதே இல்லை. எதையாவது காட்டவேண்டுமென்றால் ஆட்காட்டி விரலை நீட்டமாட்டாள். கையை மடக்கிக் கட்டைவிரலால் காட்டுகிறாள். விரல் நீட்டுவது இங்கே மரியாதைக் குறைவு. "நாம பெத்தது நமக்கே விருந்தாளி மாதிரி நடந்துக்குது" என்று பிரபு சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாட்டேன் என்று கத்திய என் பிள்ளை எனக்கு வேண்டும்.

3

சுவருக்கு வருகிறேன்.

ஆலை ஓடத் தொடங்கி நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. தோப்புக்கு அந்தப் பக்கத்து வீடுகளிலிருந்து மட்டை வரும். தலைச்சுமையாக வரும், தள்ளுவண்டியில் வரும், ஒரு கிழவர் சைக்கிளின் இரண்டு பக்கமும் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு வருவார். முதல் கன்டெய்னர் போனது. அந்த நேரத்தில்தான் அப்பா ஓய்வு பெற்று, ஒரு மாதம் தங்கிப்போக வந்தார்.

வந்த மறுநாள் காலையில் மனையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, முகம் மாறி நின்றார்.

"காம்பவுண்டு எங்கம்மா?"

"இங்க யாரும் போடமாட்டாங்கப்பா."

"அதுக்காக? நீ போடமாட்டியா?"

அப்பாவின் கதை தெரிந்தவர்களுக்கு இந்தக் கேள்வி புரியும். திருமழிசைக்கு அந்தாண்டை, குத்தம்பாக்கம் போகிற வழியில், வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மனை வாங்கிப் போட்டார். நான்கு மூலையில் நான்கு கல் நட்டு, மஞ்சள் பூசி, கும்பிட்டுவிட்டு வந்தார். காம்பவுண்டு அப்புறம் போடலாம் என்று விட்டார். எங்கள் படிப்பு, தங்கை கல்யாணம் என்று அந்த அப்புறம் தள்ளிக்கொண்டே போனது. ஒரு நாள் போய்ப் பார்த்தால், அவர் மனையில் வேறு யாரோ காம்பவுண்டு கட்டி, கேட் போட்டு, நாயும் கட்டியிருந்தார்கள். அவருடைய கல் ஒன்று அந்த வீட்டுத் துணி துவைக்கும் கல்லாக இருந்தது. பத்திரம், சர்வே, கோர்ட் என்று அலைந்து ஓய்ந்துபோனார். இப்போது அந்தப் பக்கம் புதுப் பேருந்து நிலையம் வந்துவிட்டது. பூந்தமல்லியிலிருந்து அந்த வழியாகப் பேருந்தில் போகும்போதெல்லாம் அப்பா மறுபக்க ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நாங்கள் யாரும் அதைப் பற்றிப் பேசமாட்டோம்.

"நான் ஏமாந்தது போதும். நீ கடல் தாண்டி வந்து ஏமாறக்கூடாது" என்றார்.

நான் பாக் வர்யோவிடம் கேட்டேன். சத்தியமாகக் கேட்டேன். "அப்பா சுவர் கட்டவேண்டும் என்கிறார். உங்கள் நிலம். உங்களுக்குச் சம்மதமா?"

பாக் வர்யோ சிரித்தார். "தாராளமாக. அப்பா விருப்பம்" என்றார். அடுத்த நாள் செங்கல் லாரியை அவரே பேசிக் கொண்டுவந்து இறக்கினார்.

அப்பா அந்த மாதம் முழுக்கச் சின்னப் பையன் மாதிரி இருந்தார். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, மட்டப்பலகை வைத்து, நூல் பிடித்து, கொத்தனாருக்குச் சைகையிலேயே எல்லாம் சொன்னார். அவருக்கு ஒரு கூட்டாளியும் கிடைத்தார். தோப்புக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் பாக் கார்த்தோ. சைக்கிளில் மட்டை கொண்டுவரும் அதே கிழவர். அவர் பெயர் அப்பாவின் வாயில் நுழையவில்லை. "கார்த்தி சார்" என்று வைத்துவிட்டார். கார்த்தி சார் தினம் காலையில் வாழையிலையில் பொரித்த மரவள்ளிக்கிழங்கு கொண்டுவருவார். இரண்டு பேரும் செங்கல் குவியல்மேல் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அப்பா தமிழில் பேசுவார், அவர் ஜாவா மொழியில் பதில் சொல்வார். இரண்டு பேரும் சிரிப்பார்கள். நூலின் மறுமுனையைக் கார்த்தி சார்தான் பிடித்துக்கொள்வார்.

தோப்புப் பக்கச் சுவர் எழும்பி அடைபட்ட மறுநாள், நல்ல மழை. கார்த்தி சார் ரோட்டு கேட் வழியாக வந்தார், சட்டையெல்லாம் நனைந்து. கிழங்கு மட்டும் இலைக்குள் சூடாக இருந்தது.

"இன்னிக்கு இன்னா இந்தப் பக்கமா வர்றாரு? வாக்கிங் போயிட்டு வர்றாரோ?" என்றார் அப்பா.

"இருக்கும்" என்றேன் நான். வேறு ஏதோ மெயில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

4

அப்பா கிளம்பிப் போன பிறகு மட்டை வரத்து குறைந்தது. முதலில் தலைச்சுமைகள் நின்றன, பிறகு தள்ளுவண்டிகள். கார்த்தி சாரின் சைக்கிள் மட்டும் எப்போதாவது, சுற்றி வந்து, கேட்டுக்கு வெளியே மணி அடித்துவிட்டு நிற்கும். பிறகு அவருக்கு உடம்பு சரியில்லாமல் போய், அதுவும் நின்றது.

பாக் வர்யோவிடம் கேட்டேன். "மழைக்காலம். அடுத்த வாரம் வரும்" என்றார். மழை நின்றது. "நோன்பு மாதம். முடிந்ததும் வரும்." நோன்பு முடிந்தது. "தென்னைக்கும் ஓய்வு வேண்டுமல்லவா?" தோப்பைப் பார்த்தால் குலை குலையாகத் தொங்குகிறது. அந்தப் பக்கத்திலிருந்து மட்டை கொளுத்துகிற புகை மறுபடி வரத் தொடங்கியது. என் மட்டை, என் கண் முன்னால், புகையாக.

நான் சும்மா இருக்கிற ஆள் இல்லை. எக்செலில் கலர் கலராக வரைபடம் போட்டேன். கொப்பரை விலையோடு ஒப்பிட்டேன். வேறு யாராவது கூடுதல் விலை கொடுக்கிறார்களா என்று சந்தையில் விசாரித்தேன். நானே விலையை ஏற்றினேன். வீடு வீடாகப் போனேன். எல்லா வீட்டிலும் உட்காரச் சொன்னார்கள், டீ கொடுத்தார்கள், யாழினியின் கன்னத்தைக் கிள்ளினார்கள். "மட்டை தருவீர்களா?" "தருகிறோம்." "எப்போது?" "அடுத்த வாரம்." அன்றைக்கு ஏழெட்டு டீ குடித்தேன், ஒரு மட்டைகூட வரவில்லை.

அம்பத்தூரிலிருந்து பாஸ்கர் கூப்பிட்டான். பட்டறையில் ஏதோ அரைக்கிற சத்தத்துக்கு மேலே கத்திப் பேசுகிறவன்.

"மச்சி, இன்னாதான் நடக்குது அங்க? மெஷினு சும்மா துரு புடிச்சிகினு கீதா?"

"மட்டை வரலடா."

"வரலன்னா? தென்ன மரம் இன்னா லீவு லெட்டர் குட்த்துச்சா?"

"அடுத்த வாரம்ங்கிறாங்க."

"அதான் அப்போலேர்ந்து சொல்லிகினு கீற. முடியாதுன்னா மூஞ்சிக்கு நேரா முடியாதுன்னு சொல்ட்டு போவ வேண்டியதுதான. இன்னா ஜனம் மச்சி அது?"

"நல்ல ஜனம்டா. அதான் பிரச்சினை."

அரைக்கிற சத்தத்தைவிட்டுத் தள்ளி வந்தான். பிறகு குரல் இறங்கியது. "பாரு, நான் உன்ன கொற சொல்லல. பொங்கல் வரிக்கும் பாப்போம். அதுக்குள்ள ஓடலன்னா மெஷின கழட்டி கப்பல்ல ஏத்திடு. இங்க வாங்க ஆள் கீது."

பொங்கல் வரை. அதாவது ஆலையா, அம்பத்தூரா என்பதற்குத் தவணை வந்துவிட்டது. அன்று ராத்திரி ஓடாத இயந்திரத்துக்கு எண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டுப் படுத்தேன்.

5

கார்த்தி சார் இறந்துபோனார்.

இங்கே சாவு வீட்டுக்குக் கூப்பிட்டு அனுப்பமாட்டார்கள். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் பெயர் சொல்வார்கள், எல்லோரும் போவார்கள். பிரபு ஆண்களோடு போனார். நான் யாழினியோடு எங்கள் கேட்டில் நின்றேன். தூறல். ரோட்டுப் பக்கத்துப் பள்ளிவாசலில் தொழுகை முடித்து, பச்சைத் துணி போர்த்திய பாடையைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். எங்கள் கேட்டைத் தாண்டி, மெயின் ரோட்டோடு, அரிசி மில்லைச் சுற்றிக்கொண்டு போனார்கள். எதிரே வந்த லாரி ஓரம் கட்டி நின்றது. தூக்குகிறவர்கள் நடுவில் தோள் மாற்றிக்கொண்டார்கள்.

திரும்பி வந்த பிரபு, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றார். கால் முழுக்கச் சேறு.

"அடக்கம் பண்ற இடம் எங்க தெரியுமா?"

"எங்க?"

"நம்ம தோப்புச் செவுத்துக்கு அந்தாண்ட. இதோ, இங்கேர்ந்து கல்லு வுட்டா வுழும்."

"அப்புறம் ஏன் ரோட்டைச் சுத்திப் போனாங்க?"

"அதையேதான் பக்கத்துல வந்தவர்கிட்ட கேட்டேன். 'ரோடு நல்லா இருக்கு'ன்னாரு. மழையில சேறு, லாரி, இவ்ளோ தூரம். ரோடு நல்லா இருக்காம்." போனை எடுத்து ஒரு படம் காட்டினார். "இதப் பாரு."

அடக்க இடத்தின் பக்கமிருந்து எடுத்த படம். ஓர் ஒற்றையடிப் பாதை. காலங்காலமாக மிதிபட்டு இறுகி, புல் முளைக்காமல், நடுவில் சைக்கிள் சக்கரத்தின் தடத்தோடு நேராக வருகிறது. வந்து, அப்பாவின் சுவரில் முட்டி நிற்கிறது.

எங்கள் பக்கம் அந்தப் பாதை இல்லை. ஷெட் போடும்போது ஜேசிபி விட்டு நாங்கள்தான் சமன்படுத்திச் சரளை கொட்டியிருந்தோம். அதற்கு முன்பு தோப்பில் தடம் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். காய் பறிக்கிறவர்கள் நடந்த தடம் என்று நினைத்தேன். சரளை கொட்டிய பிறகும் ஜனங்கள் அதன்மேல்தான் நடந்து வந்திருக்கிறார்கள். என் மட்டை வந்த வழி அது. பிள்ளைகள் ஓதப் போன வழி. அந்தப் பக்கத்து வீடுகள் ரோட்டுக்கு வருகிற வழி. செத்தவர்கள் போகிற வழியும் அதுதான்.

அதைத்தான் நாங்கள் நூல் பிடித்து, மட்டம் பார்த்து, அழகாக அடைத்திருந்தோம். ஒரு வருடமாக ஒருவர்கூட வாய் திறக்கவில்லை.

6

அன்று சாயங்காலமே பாக் வர்யோ வீட்டுக்குப் போனேன். அவர் எழுந்து நின்று, நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நான் உட்காரவில்லை.

"அங்கே வழி இருந்தது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"சுவர் கட்டட்டுமா என்று கேட்டேனே."

"கேட்டீர்கள்."

"தாராளமாக என்றீர்களே."

"அப்பா அவ்வளவு தூரம் வந்திருந்தார்" என்றார். "ஆசையாகக் கட்டினார். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது?"

"அவர் போன பிறகு என்னிடம் சொல்லியிருக்கலாமே."

"சொன்னால் நீங்கள் அப்பா கட்டியதை இடிக்கவேண்டி வரும். அது உங்களுக்குக் கஷ்டம்."

"மட்டை ஏன் நின்றது? கோபமா?"

முதல்முறையாக அவர் சிரிப்பு நின்றது. நிஜமாகவே பதறிவிட்டார். "கோபமா? யாருக்கு? சுவர் வைத்தால் தனியாக இருக்க விரும்புகிறார்கள் என்று நினைத்தோம். தொந்தரவு செய்யக்கூடாது அல்லவா?"

"உங்களுக்கும்தானே நஷ்டம், பாக். நீங்களும் பங்காளிதானே."

"ஆமாம்" என்றார், ஏதோ வானிலையைப் பற்றிக் கேட்டதுபோல. "டீ குடிக்கிறீர்களா?"

நான் டீ குடிக்காமல் திரும்பினேன். இந்த ஊரில் இதைவிடப் பெரிய வசவு கிடையாது.

வழியெல்லாம் எனக்குள் நம்ம ஊர் கத்திக்கொண்டே வந்தது. அம்பத்தூரில் நாங்கள் கொஞ்ச நாள் குடியிருந்த தெருவில், ஒருவர் வாசல்படியைச் சந்துக்குள் ஒரு சாண் தள்ளிக் கட்டப் பள்ளம் எடுத்தார். சிமென்ட் கலக்குவதற்குள் எதிர்வீட்டு அக்கா குடத்தோடு வந்துவிட்டார். "இன்னா நைனா, ரோட்டையும் சேத்து ரிஜிஸ்டர் பண்ணிகினியா? நாளைக்கு எங்கூட்டு பொணத்த இன்னா மொட்ட மாடி வழியா தூக்கினு போறதா?" தெருவே கூடிவிட்டது. மத்தியானத்துக்குள் பள்ளத்தை மூடினார்கள். சாயங்காலம் அந்த அக்காவுக்கே அந்த வீட்டிலிருந்து சுண்டல் போனது. அப்போது காதைப் பொத்திக்கொண்டு போனவள் நான். அந்த அக்கா இங்கே ஒரு நாள் இருந்திருந்தால், முதல் வரிசைச் செங்கலிலேயே என் ஆலை பிழைத்திருக்கும்.

7

இடிக்கவேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்பதில்தான். பிரபு சொன்னார், "அவர்கிட்ட இடது பக்கத்த மட்டும் காட்டிகினே இரு. தெரியவா போவுது?" சொல்லிவிட்டு அவரே தலையை ஆட்டிக்கொண்டார். "வேணாம். அப்புறம் நாமளும் இந்த ஊர்க்காரங்க ஆயிடுவோம்."

ஞாயிற்றுக்கிழமை வந்தது. "செவுத்தக் காட்டும்மா."

"அப்பா, செவுத்துல ஒரு எடத்துல இடிக்கணும்."

ஆவடியில் மிக்ஸி ஓடும் சத்தம் கேட்டது. அப்பா திரும்பி, "அத நிறுத்தும்மா கொஞ்சம்" என்று அம்மாவிடம் சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார்.

"யார் கேட்டாங்க?"

"யாரும் கேக்கல."

"யாரும் கேக்காம எதுக்கு இடிக்கிற?"

"அது வழிப்பா. ஜனங்க நடக்கிற வழி."

"இன்னிக்கு வழிம்பாங்க, நாளைக்கு எடம்பாங்க. எனக்குத் தெரியாததா? நான் விட்டேன், இன்னா ஆச்சு? வண்டியில போறப்ப அந்தப் பக்கம் திரும்ப முடியுதா என்னால?"

இதை அவர் வாயால் சொல்லி நான் கேட்டதே இல்லை. பிரபு எடுத்த படத்தை அனுப்பினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"இது யார் வழி?"

"எல்லாரோடதும். கார்த்தி சார் வீடும் அந்தப் பக்கம்தான். சைக்கிள் தடம் தெரியுது பாருங்க. போன வாரம் அவரையும் ரோட்டைச் சுத்தித்தான் தூக்கிட்டுப் போனாங்க. மழையில."

அவர் இறந்ததை முன்பே சொல்லியிருந்தேன். இதைச் சொல்லியிருக்கவில்லை.

அப்பா கண்ணாடியைக் கழற்றினார். "அன்னிக்கு நனைஞ்சிகிட்டு வந்தாரும்மா, கேட் வழியா" என்றார். "வாக்கிங்னு சொன்னேன் நானு. அவரு வழியில கட்டுற செவுத்துக்கு அவரையே நூல் புடிக்கச் சொல்லியிருக்கேன். அந்த மனுஷன் ஒரு வார்த்த சொல்லலியே."

"இங்க யாரும் சொல்லமாட்டாங்கப்பா."

"கையைப் புடிச்சு இழுத்தாவது காட்டியிருக்கலாம்."

"ஆமாம்ப்பா."

போன் மேசைமேல் வைக்கப்பட்டதுபோல, கூரையும் மின்விசிறியும் மட்டும் தெரிந்தன. அம்மா ஏதோ கேட்பதும், அவர் "ஒண்ணுமில்ல" என்பதும் கேட்டது. திரும்பி வந்தபோது அவர் குரல் தொழிற்சாலைக் குரலாக இருந்தது.

"மூலையில கை வெக்காத. தூணுக்கும் தூணுக்கும் நடுவுல இடி. மேல ரெண்டு வரிசை கையால பேத்துட்டு அப்புறம் சம்மட்டி. இல்லன்னா மொத்தமும் ஆட்டம் குடுக்கும். வெட்டுன எடத்துல ரெண்டு பக்கமும் பூசிடு, செங்கல் தெரியக்கூடாது."

"எவ்ளோ அகலம்ப்பா?"

"பாடை தாராளமா போற அளவு."

8

இடித்தோம். அதிலும் சிக்கல். கொத்தனார் சம்மட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, அப்பாவுக்குச் சம்மதமா என்று மறுபடி மறுபடி கேட்டார். கடைசியில் அப்பாவையே போனில் கூப்பிட்டுத் தலையாட்டச் சொல்லவேண்டியதாயிற்று. அப்பா சொன்னபடியே இரண்டு பக்கமும் பூசினோம். வாசல்போல அழகாக இருந்தது. மறுநாள் காலையில் மேசை நாற்காலியை வெளியே போட்டுக்கொண்டு, ஊரே வரப்போகிறது என்று உட்கார்ந்தேன்.

ஒருவர்கூட வரவில்லை. அந்தப் பக்கத்துப் பெண்கள் கூடையோடு பழையபடி ரோட்டைச் சுற்றிக்கொண்டு, என் கேட்டுக்கு முன்னால் சிரித்துவிட்டுப் போனார்கள். அதற்கு மறுநாளும் அப்படியே. பைத்தியம் பிடிக்காத குறை. பாக் வர்யோவிடம் போய், இந்த முறை டீயைக் குடித்துவிட்டே கேட்டேன்.

"யாரையாவது அழைத்தீர்களா?" என்றார்.

"திறந்து கிடக்கிறதே."

"திறந்து கிடக்கலாம். அழைக்கவில்லையே."

அழைத்தேன். வேறு என்ன செய்வது? இந்த ஊர் வழக்கப்படி மஞ்சள் சோறு சமைத்து, பள்ளிவாசல் பெரியவரைக் கூப்பிட்டு ஓதச் சொல்லி, வந்தவர்களிடம் வீட்டுக்கு ஒரு பொட்டலம் கொடுத்தோம். வாங்கிக்கொண்டார்கள், வாழ்த்தினார்கள், ரோட்டு வழியாகவே திரும்பிப் போனார்கள்.

போன ஞாயிறு அப்பா வந்தார். "தொறந்த எடத்தக் காட்டு. யாராவது போறாங்களா?"

"ரெண்டு கோழி போச்சு."

"போனை அங்கயே வெய்யி. பாக்கறேன்."

ஒரு செங்கல்மேல் போனைச் சாய்த்து, திறப்பைப் பார்க்க வைத்தேன். அப்பா ஆவடியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் இங்கே உட்கார்ந்து பார்த்தேன். யாழினி எனக்கும் போனுக்கும் நடுவில் மண்ணில் விளையாடினாள். அங்கே குக்கர் விசில் அடித்தது.

அப்போது ரோட்டு கேட்டில் ஆள் வந்தது. கார்த்தி சாரின் மனைவி. வாழையிலைப் பொட்டலத்தோடு, முழுத் தூரமும் சுற்றி நடந்து வந்திருந்தார். மரவள்ளிக்கிழங்கு. மஞ்சள் சோற்றுக்குப் பதில் மரியாதை. உட்காரச் சொன்னேன். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். மகன் அடுத்த வாரம் மட்டை கொண்டுவருவான் என்றார். அதே அடுத்த வாரம். ஆனாலும் தலையாட்டினேன்.

அவர் எழுந்து கேட்டை நோக்கித் திரும்பினார். யாழினி ஓடிப்போய் அவர் முன்னால் நின்று, விரல்களை மடக்கி, கட்டைவிரலால் சுவர்த் திறப்பைக் காட்டினாள். ஜாவா மொழியில் ஏதோ சொன்னாள். எனக்குப் பாதிதான் புரிந்தது. 'பாட்டி, வீடு இந்தப் பக்கம்' என்பதுபோல.

அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் எழுந்து நின்றேன். என்ன செய்வதென்று தெரியாமல் நானும் கட்டைவிரலால் காட்டினேன். அவர் திறப்பை நோக்கி நடந்தார். செங்கல்மேல் இருந்த போனில் ஓர் ஆள் முகம் தெரிவதைப் பார்த்து நின்றார். ஒரு கையைத் தாழ்த்தி, உடம்பை வளைத்து, பெரியவர்களுக்கு முன்னால் கடந்து போகும்போது இங்கே செய்வதுபோல், மன்னிப்புக் கேட்டபடியே போனைத் தாண்டி, சுவரைத் தாண்டி, தன் வழியில் போனார்.

"யாரும்மா அது? என்னைப் பாத்தா குனிஞ்சாங்க?"

"கார்த்தி சார் ஊட்டம்மாப்பா."

எனக்கு மனம் மட்டையில்தான் இருந்தது. அந்த அடுத்த வாரம் நிஜமான அடுத்த வாரமா, இந்த ஊர் அடுத்த வாரமா? பொங்கல் நெருங்குகிறது. இதை எழுதுகிற இன்றுவரை மகன் வரவில்லை. இயந்திரத்துக்கு மறுபடி எண்ணெய் போட்டிருக்கிறேன்.

"இருக்கியாம்மா?" என்றார் அப்பா.

"இருக்கேம்ப்பா."

"அங்க கேட்டு கீட்டு எதுவும் போட்டுடாத."